ரோடு பைக்கின் எடை குறைந்த ரிம் பிரேக்: தேர்வும் பொருத்தும் முறையும்

ரிம் பிரேக் என்பது, மிதிவண்டிச் சக்கரத்தின் ரிம்மை இருபுறமும் இரண்டு கட்டைகளால் அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தும் அமைப்பு. வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட ரோடு பைக்குகளில், ஒயரால் இழுக்கப்படும் காலிப்பர் வகை ரிம் பிரேக்கே பல பத்தாண்டுகளாக வழக்கத்தில் இருந்தது. சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்குக்கு 2018 ஜூலை 1 முதல் உலக மிதிவண்டி ஒன்றியம் முழு அனுமதி அளித்தது. அதன்பின் உயர்விலைப் புதிய வண்டிகள் பெரும்பாலும் டிஸ்க் பிரேக்குக்கு மாறிவிட்டன. ஆயினும் டூர் டி பிரான்ஸ் போட்டியில் இனியோஸ் அணி 2021 வரை ரிம் பிரேக்கை விடவில்லை. எடை குறைவு, எளிய அமைப்பு, நான்கைந்து கருவிகளோடு வீட்டிலேயே சரிசெய்யும் வசதி ஆகியவையே இதன் பலம்.

சென்னையின் தென்புறநகரில் ரிம் பிரேக் வண்டிகள் இன்னும் ஏராளம். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு வரையிலோ, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகக் கோவளம், மாமல்லபுரம் வரையிலோ சென்று திரும்புவோர் பலர். பழைய வண்டியை வாங்கிப் புதுப்பிப்பவர்களும், தொடக்கநிலை வண்டியின் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுபவர்களும் இவர்களில் உண்டு. எடையைக் குறைக்க எண்ணுபவரின் கண் விரைவில் பிரேக்கின் மேல் விழும். ஆனால் பிரேக் மற்ற பாகங்களைப் போன்றதல்ல. இருக்கைக்குழாயில் எடை குறைந்தால் எடை மட்டுமே குறையும். பிரேக்கில் எடை குறையும்போது வேறு எது குறைகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

எடை எங்கிருந்து குறைகிறது

இன்றைய காலிப்பர்களில் பெரும்பாலானவை இரட்டைச் சுழல்முனை கொண்டவை. ஒரு கை நடுவிலும் மற்றொரு கை பக்கவாட்டிலும் தனித்தனி முனைகளில் சுழலும். 1990-களின் தொடக்கத்திலிருந்து ஷிமானோ நிறுவனம் இந்த அமைப்பைப் பரவலாக்கியது. பழைய ஒற்றைச் சுழல்முனைக் காலிப்பரைவிட இதில் குறைந்த விரல் வலுவுக்கு அதிக அழுத்தம் கிடைக்கும்; இரு கட்டைகளும் நடுவில் நிற்பதும் எளிது. இத்தாலியின் கம்பனியோலோ சில காலம் முன்சக்கரத்துக்கு இரட்டை முனையும் பின்சக்கரத்துக்கு ஒற்றை முனையும் கொடுத்தது. பின் பிரேக்குக்கு அத்தனை வலு தேவையில்லை, அங்கே சில கிராம் மிச்சம் பிடிக்கலாம் என்பதே அதன் கணக்கு. இது அறிவார்ந்த எடைக் குறைப்பு.

ஷிமானோ 105 வரிசையின் ஆர்7000 காலிப்பர் ஒரு ஜோடி ஏறத்தாழ 380 கிராம். அதே நிறுவனத்தின் உச்ச வரிசையான டியூரா-ஏஸ் ஆர்9100 ஏறத்தாழ 325 கிராம். ஸ்ராம் ரெட் 240 கிராம் அளவில் நிற்கிறது. கேன் கிரீக் நிறுவனத்தின் ஈஈ பிரேக் 200 கிராமுக்கும் கீழே இறங்குகிறது. கார்பன் இழையால் ஆன கைகள் கொண்ட காலிப்பர்கள் இன்னும் இலேசானவை. அவற்றின் விலையில் ஒரு நல்ல தொடக்கநிலை வண்டியே வாங்கிவிடலாம்.

எடையைக் குறைக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, உலோகம் தேவையில்லாத இடத்தில் மட்டும் அதைக் குடைந்தெடுத்து, விசை பாயும் பாதையில் கனத்தை அப்படியே விடுவது. மேலே சொன்ன காலிப்பர்கள் இந்த வகை. மற்றொன்று, கைகளையே மெலிதாக்குவது. இணையச் சந்தைகளில் பளபளப்பான வண்ணங்களில் மலிவாகக் கிடைக்கும் பெயரற்ற இலேசுக் காலிப்பர்கள் பலவும் இரண்டாம் வகை. லீவரை அழுத்தும்போது கட்டைகள் ரிம்மைத் தொட்ட பிறகும் லீவர் தொடர்ந்து உள்ளே போகும். கையில் பஞ்சைப் பிசைவது போன்ற உணர்வு வரும். விரலின் வலு ரிம்மை அழுத்தாமல் காலிப்பர் கையை வளைப்பதில் வீணாகிறது என்பதன் அடையாளம் அது. தராசில் இந்தக் குறை தெரியாது. கடையில் நிற்கும்போது முன் பிரேக்கை முழுவலுவோடு பிடித்து, காலிப்பர் கைகள் விரிந்து நெளிகின்றனவா என்று கண்ணால் பார்ப்பதே சிறந்த சோதனை.

200 கிராம் யாருக்குப் பயன்?

105 காலிப்பரிலிருந்து மிக இலேசான காலிப்பருக்கு மாறினால் மிச்சமாவது ஏறத்தாழ 200 கிராம், அதாவது ஒரு டம்ளர் தண்ணீர். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால் இது மொத்த எடையில் கால் விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரு மணி நேரம் பிடிக்கும் செங்குத்தான மலையேற்றத்தில் 8 விநாடி அளவுக்கு நேரம் மிச்சமாகலாம். பந்தய வீரருக்கு 8 விநாடி பெரியது. ஆனால் அவருக்கும் ஓர் எல்லை உண்டு: உலக ஒன்றியத்தின் விதிப்படி பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் கீழே இருக்கக் கூடாது.

தாம்பரம் வட்டாரத்தில் அந்த 8 விநாடிக்கும் வழியில்லை. பல்லாவரம், திருநீர்மலைப் பக்கம் குன்றுகள் உண்டு. ஆனால் அன்றாடம் ஓட்டும் சாலைகள் சமதளமே. பல்லாவரம், பெருங்களத்தூர் மேம்பாலங்கள்தாம் இங்குள்ளவர்களுக்கு மலை. சமதளத்தில் வேகத்தை மட்டுப்படுத்துவது பெரும்பாலும் காற்றின் எதிர்ப்பு. 200 கிராமுக்கு அங்கே வேலையே இல்லை.

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. ரிம் பிரேக்கின் பெரிய பலவீனம் நீண்ட இறக்கத்தில் உண்டாகும் வெப்பம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும் 85 கிலோ வண்டியை ஒருமுறை நிறுத்தினால் ரிம்மும் கட்டையும் ஏற்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 3,000 ஜூல். அதே வண்டி 600 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 5 இலட்சம் ஜூல். இதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொண்டாலும் மீதி முழுவதும் ரிம்மில்தான் இறங்கும். 14 கொண்டைஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரி, 70 கொண்ட கொல்லிமலை, உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் 36 வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதை ஆகிய இடங்களில் இது உயிர்ப் பிரச்சினை. கார்பன் ரிம்மில் பசை இளகலாம், டியூப் வெடிக்கலாம். தாம்பரத்தில் வார நாட்களில் ஓட்டிவிட்டு ஆண்டுக்கொருமுறை ஏலகிரிக்குப் போகிறவர், அந்த ஒரு நாளுக்கு அலுமினிய ரிம் சக்கரங்களை மாட்டிக்கொள்வது நல்லது. இறங்கும்போது பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பின் விட்டுவிட்டு ரிம்மை ஆறவிட வேண்டும்.

ஆக, தென்புறநகரில் வெப்பமும் பெரிய பிரச்சினை இல்லை, எடையும் பெரிய ஆதாயம் இல்லை. இங்கே தீர்மானிப்பவை வேறு: மழை, சேற்று மணல், கடற்காற்று, திடீரென்று குறுக்கே வரும் வாகனம்.

நிறுத்தும் தூரம்

மணிக்கு 30 கி.மீ. என்பது விநாடிக்கு 8.3 மீட்டர். முன் பிரேக்கை நன்றாகப் பயன்படுத்தி, புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு வேகத்தணிப்பைப் பெற்றால் வண்டி 7 மீட்டரில் நிற்கும். பிரேக் அதில் பாதியே வேலை செய்தால் 14 மீட்டர் ஆகும். ஆபத்தை உணர்ந்து விரல் லீவருக்குப் போவதற்குள் கழியும் ஒரு விநாடியில் மேலும் 8 மீட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் நிறுத்தத்துக்காகப் பேருந்து திடீரென்று இடப்பக்கம் ஒடிக்கும்போது அந்தக் கூடுதல் 7 மீட்டர் கிடைப்பதில்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட பிறகு வண்டலூரை ஒட்டிய பகுதியில் பேருந்துகளின் போக்குவரத்து கூடியிருப்பதால் இந்தக் கணக்குக்கு அங்கே தனி மதிப்பு உண்டு.

"முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம்" என்ற அச்சம் நம்மிடையே பரவலானது. சிறுவயதில் கற்ற பாடம் அது. உண்மையில் வண்டி வேகம் குறையும்போது எடையின் பெரும்பகுதி முன்சக்கரத்துக்குத் தாவுகிறது. பின்சக்கரம் இலேசாகி எளிதில் வழுக்கும். எனவே பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவருக்கு நிறுத்தும் தூரம் ஏறத்தாழ இரு மடங்காகும். முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தி, அதே நேரம் உடலைப் பின்னோக்கித் தள்ளி, கைகளை ஊன்றிக்கொண்டால் வண்டி கவிழாது. ஈரமான வளைவு, மணல் சிதறிய திருப்பம், மழையில் நனைந்த சாலைக்கோட்டு வண்ணம் ஆகியவை மட்டும் விதிவிலக்கு. அங்கே முன்சக்கரம் வழுக்கினால் மீட்பது கடினம்.

எந்த லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்பதையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் வண்டிகள் இரு விதமாகவும் வருகின்றன. மோட்டார் சைக்கிளில் முன் பிரேக் வலக்கையில் இருப்பதால், அதை ஓட்டிப் பழகியவர் மிதிவண்டியிலும் முன் பிரேக்கை வலக்கைக்கே வைத்துக்கொள்வது நல்லது. நெருக்கடியில் கை பழக்கத்தைத்தான் பின்பற்றும்.

கட்டையும் ரிம்மும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தேங்கும் நீரும், வேளச்சேரி–தாம்பரம் சாலையோரம் படியும் வண்டலும் ரிம் பிரேக்கின் உண்மையான பகைவர்கள். நனைந்த ரிம்மில் கட்டை முதலில் தண்ணீரை வழித்தெடுக்க வேண்டும். பிறகுதான் பிடிமானம் வரும். 30 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்கு நான்கு சுற்று சுற்றுகிறது. தண்ணீர் வழியும் அந்த ஓரிரு விநாடி, வண்டி ஏறத்தாழ எதிர்ப்பில்லாமல் ஓடும் நேரம். மழையில் ஓட்டுகிறவர் சந்திப்பு வருமுன்பே பிரேக்கை இலேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொள்வது இதனால்தான்.

குரோமியம் பூசிய எஃகு ரிம் நனைந்தால் பிடிமானம் ஏறத்தாழ இல்லாமலே போகும். அப்பா காலத்துக் கம்பி பிரேக் சைக்கிளை மழையில் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். அலுமினிய ரிம் எவ்வளவோ மேல். கார்பன் ரிம் மழையில் மீண்டும் பின்தங்குகிறது. ஆகவே தாம்பரத்தில் மழைக்காலத்திலும் ஓட்டுகிறவருக்குச் சமமான பக்கவாட்டுத் தளம் கொண்ட அலுமினிய ரிம்மே ஏற்றது.

இதற்கு அடுத்தது கட்டை. ஒரு காலிப்பர் ஜோடியின் விலையில் சிறு பங்குதான் நல்ல கட்டைகளுக்கு ஆகும். ஆனால் ஓட்டத்தில் உணரும் வேறுபாட்டில் பெரும்பங்கு கட்டைகளால்தான் வருகிறது. தொடக்கநிலை வண்டிகளில் வரும் கடினமான கறுப்புக் கட்டைகளை மாற்றினாலே பலருக்குப் புதிய பிரேக் வாங்கிய உணர்வு வரும். கூல்-ஸ்டாப் நிறுவனத்தின் செம்மை கலந்த ஆரஞ்சு நிறக் கட்டை ஈரத்துக்குப் பெயர் பெற்றது. ஸ்விஸ்ஸ்டாப்பின் நீலநிறக் கட்டை அலுமினிய ரிம்முக்கானது. கார்பன் ரிம்முக்கு அதற்கென்றே செய்த கட்டையைத்தான் போட வேண்டும். அலுமினிய ரிம்மில் தேய்ந்த கட்டையைக் கார்பன் சக்கரத்துக்கு மாற்றினால், கட்டையில் பதிந்திருக்கும் உலோகத்துகள் கார்பனைக் கீறிக் கெடுத்துவிடும்.

கட்டை முழுவதையும் மாற்றாமல் ரப்பரை மட்டும் உருவி மாற்றும் உலோக உறைகள் வசதியானவை. அவற்றில் ஒரு பக்கம் மூடியும் மறுபக்கம் திறந்தும் இருக்கும். மூடிய பக்கம் வண்டியின் முன்னோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் பொருத்தினால், முழுவலுவோடு பிடிக்கும் அந்தக் கணத்தில் ரப்பர் உறையிலிருந்து வழுக்கி வெளியே பறந்துவிடும். உறையில் இடம், வலம் என்பதற்கான எழுத்தும் அம்புக்குறியும் பொறிக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே.

வாங்குமுன் அளக்க வேண்டியவை

காலிப்பரைப் பொருத்தும் போல்டின் நடுப்புள்ளியிலிருந்து ரிம்மின் பிரேக் தளத்தின் நடுவரை உள்ள தூரத்தைக் கையெட்டம் எனலாம். பந்தய வண்டிகளுக்கான காலிப்பர்களில் இது ஏறத்தாழ 39 முதல் 49 மி.மீ. வரை. சேற்றுத்தடுப்பும் பருத்த டயரும் பொருந்தும்படி அமைந்த சட்டகங்களுக்கு 47 முதல் 57 மி.மீ. எட்டம் வேண்டும், ஷிமானோ ஆர்650, டெக்ட்ரோ ஆர்539 போன்றவை இந்த வகை. மிக இலேசான காலிப்பர்கள் ஏறத்தாழ அனைத்தும் குறைந்த எட்டம் கொண்டவை. அளக்காமல் வாங்கினால் கட்டை ரிம்மைத் தொடாமல் டயரைத் தொடும். ஓடும் வண்டியில் டயர் வெடிக்க இதைவிட நேர்வழி இல்லை.

டயரின் பருமனும் கணக்கில் வர வேண்டும். குழிகளும் வேகத்தடைகளும் நிறைந்த புறநகர்ச் சாலைகளுக்கு 28 மி.மீ. டயர், 23 மி.மீ. டயரைவிட இதமானது. ஆர்7000 தலைமுறைக் காலிப்பர்கள் 28 மி.மீ. டயருக்கு இடம் தருகின்றன. பழைய காலிப்பர்கள் பல 25-லேயே நின்றுவிடும். எடைக்காகப் பழைய உச்ச வரிசைக் காலிப்பரை வாங்கி, அதற்காக மெல்லிய டயருக்குத் திரும்புவது இந்தச் சாலைகளில் நட்டமான வணிகம்.

லீவரும் காலிப்பரும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது பலர் கவனிக்காதது. ஷிமானோவின் புதிய தலைமுறை லீவர்கள், பழையவற்றைவிட அதிக நீளத்துக்கு ஒயரை இழுக்கின்றன. புதிய லீவரோடு பழைய காலிப்பரைச் சேர்த்தால் நெம்பும் வலு குறைந்து, எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மெதுவாகவே நிற்கும். சக்கரத்தைக் கழற்றக் காலிப்பரை விரித்துவிடும் சிறு நெம்பி ஷிமானோ, ஸ்ராம் வகைகளில் காலிப்பரில் இருக்கும். கம்பனியோலோவில் அது லீவரில் இருக்கும். கம்பனியோலோ காலிப்பரை ஷிமானோ லீவரோடு கலந்தால் விரிக்கும் வசதியே இராது. இரண்டு போல்டுகளால் சட்டகத்தில் நேரடியாகப் பதியும் காலிப்பர்களும் உண்டு. அவை விறைப்பானவை, ஆனால் அதற்கென அமைந்த சட்டகத்தில் மட்டுமே பொருந்தும். அவற்றில் பின் பிரேக்கைப் பெடல் அச்சுக்கு அடியில் மறைத்துவைத்த வண்டிகளை மழைக்கால ஓட்டத்துக்குத் தவிர்ப்பது நலம். சாலைச் சேறு முழுவதும் அங்கேதான் போய் அடையும்.

பொருத்தும் முறை

முதலில் சக்கரம். ரிம் பெண்டாக இருந்தால் எந்தக் காலிப்பரும் சரியாக அமையாது. ஸ்போக்குகளை முறுக்கிப் பெண்டு எடுத்த பிறகு, ரிம்மைச் சோப்பு நீரால் கழுவி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். சங்கிலிக்கு அடிக்கும் எண்ணெய்த் தெளிப்பு ரிம்மில் பட்டாலே பிரேக் கீச்சிடும், பிடிமானமும் போகும்.

காலிப்பரைச் சட்டகத்தில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் இறுக்குவது வழக்கம். கார்பன் ஃபோர்க்கில் பின்புறமிருந்து வரும் குழல் நட்டின் நீளம் முக்கியம். அது குட்டையாக இருந்தால் மரை சில சுற்றுகளே பிடிக்கும். நட்டும் போல்டும் சேரும் நீளம் போல்டின் விட்டமான 6 மி.மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். எடைக்காக இந்தப் போல்டை அலுமினியத்துக்கு மாற்றுவதை எந்தக் காரணம் கொண்டும் ஏற்கக் கூடாது. மிச்சமாவது சில கிராம். முறிந்தால் காலிப்பர் முன்சக்கரத்துக்குள் விழும்.

கட்டை முழுவதும் ரிம்மின் பிரேக் தளத்துக்குள் அமைய வேண்டும். மேல் விளிம்பு டயரிலிருந்து குறைந்தது ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கட்டும். கீழ் விளிம்பு ரிம்முக்கு வெளியே தொங்கக் கூடாது. பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு தபால் அட்டையைச் செருகி, லீவரை அழுத்திப் பிடித்தபடி கட்டையின் போல்டை 5 முதல் 7 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால், முன்முனை அரை மில்லிமீட்டர் முன்னதாக ரிம்மைத் தொடும். இந்தச் சிறு சாய்வு கீச்சொலியைத் தடுக்கும். காலிப்பர் கைகள் விறைப்பாக இருந்து ஒலியும் வராவிட்டால் சாய்வே தேவையில்லை.

ஒயரில் பலரும் சறுக்கும் இடம் உறை. பிரேக் ஒயரின் வெளியுறை சுருள் கம்பியால் ஆனது, பொதுவாக 5 மி.மீ. தடிமன் கொண்டது. கியர் ஒயரின் உறை நீளவாக்குக் கம்பிகளால் ஆனது, 4 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டால், அவசரத்தில் பலமாகப் பிடிக்கும்போது அது பக்கவாட்டில் கிழிந்து பிரேக் முழுவதும் போய்விடும். உள் ஒயரின் முனைக்குண்டிலும் வேறுபாடு உண்டு: சாதாரண சைக்கிளுக்கும் மலைப்பாதை வண்டிக்கும் வரும் உருளைக் குண்டு ரோடு பைக் லீவரில் பொருந்தாது. துருப்பிடிக்காத எஃகு ஒயரையே கேட்டு வாங்க வேண்டும். உறையை வெட்டும்போது முனை நசுங்காமல் நேராக வெட்டி, உள்துளையை ஊசியால் திறந்து, தொப்பி மாட்ட வேண்டும். கைப்பிடியை இருபுறமும் முழுவதும் திருப்பினாலும் இழுபடாத அளவுக்கு நீளம் வேண்டும். அதற்குமேல் ஓர் அங்குலம்கூட வேண்டாம். கூர்மையான ஒவ்வொரு வளைவும் விரலின் வலுவைத் தின்னும்.

இரு கட்டைகளுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டினால் 3 முதல் 4 மி.மீ. வரும்படி ஒயரை இழுத்து, 6 முதல் 8 நியூட்டன் மீட்டரில் இறுக்கலாம். பிறகு லீவரைப் பத்திருபது முறை பலமாக அழுத்தினால் உறைகள் தத்தம் இடத்தில் அமர்ந்து ஒயர் சற்றுத் தளரும். அந்தத் தளர்வைக் காலிப்பரில் உள்ள திருகியால் எடுத்துவிடலாம். ஒரு கட்டை மட்டும் உரசினால் நடுப்படுத்தும் சிறு திருகை அரைச் சுற்று திருப்பினால் போதும். கைகளால் காலிப்பரை நெம்பித் திருப்புவது தவறு.

சாலைக்கு இறங்குமுன் ஒரு சோதனை. லீவரை முழுவலுவோடு பத்து விநாடி பிடித்திருக்க வேண்டும். ஒயர் நழுவக் கூடாது, லீவர் கைப்பிடியைத் தொடக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னோக்கித் தள்ளினால் பின்சக்கரம் தூக்க வேண்டும். அப்போது கைப்பிடிக்குக் கீழே 'டக்' என்ற அசைவு தெரிந்தால், குறை பிரேக்கில் இல்லை. ஃபோர்க்கின் பேரிங் தளர்ந்திருக்கிறது. பின்னர், போக்குவரத்தில்லாத உட்தெரு ஒன்றில் குறைந்த வேகத்தில் தொடங்கி, பலமுறை நிறுத்திப் பார்த்துக் கட்டையை ரிம்மோடு பழக்கிக்கொள்ள வேண்டும். புதிய கட்டை முதல் சில கிலோமீட்டருக்குத் தன் முழுப் பிடிமானத்தைத் தராது.

மழைக்குப் பிறகு

சேற்று நீரில் ஓட்டித் திரும்பிய நாளில் ரிம்மையும் கட்டையையும் கழுவாமல் வைத்தால், அடுத்த நாள் அந்த வண்டல் உப்புத்தாள் போல ரிம்மை அராவும். பிரேக் பிடிக்கும்போது கரகரவென்ற ஓசை கேட்டால் கட்டையில் மணலோ அலுமினியச் சில்லோ பதிந்திருக்கிறது. கட்டையைக் கழற்றிக் கூரிய ஊசியால் அவற்றைக் கிளறி எடுத்து, மேற்பரப்பை உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்தால் பழைய பிடிமானம் திரும்பும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிக்கடி ஓட்டுகிறவர்கள் காலிப்பரின் சுழல்முனைகளுக்கும் சுருள்வில்லுக்கும் மாதம் ஒருமுறை ஒரு துளி எண்ணெய் விட்டு, வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். டைட்டானியம் போல்டு துருப்பிடிக்காது; ஆனால் அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் போகும். அதைப் பொருத்தும்போதே மரையில் கிரீஸ் தடவுவது அவசியம்.

கட்டை தேயத் தேய இரட்டை முனைக் காலிப்பரில் ஒரு பக்கக் கட்டை டயரை நோக்கி மேலேறும், மறுபக்கத்தது கீழே இறங்கும். இடைவெளியைத் திருகியால் மட்டும் சரிசெய்துகொண்டே போனால் இது கண்ணில் படாது. சில வாரங்களுக்கு ஒருமுறை குனிந்து பார்த்து உயரத்தையும் சரிசெய்ய வேண்டும். கட்டையில் உள்ள பள்ளக்கோடுகள் மறைந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

ரிம்மும் தேய்பொருளே. பல அலுமினிய ரிம்களில் தேய்மானத்தைக் காட்டச் சிறு குழியோ சுற்றிலும் ஒரு கோடோ இருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம்மை மாற்ற வேண்டும். அத்தகைய அடையாளம் இல்லாத ரிம்மில் ஓர் எஃகு அளவுகோலின் விளிம்பைப் பிரேக் தளத்தின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்க்கலாம். நடுவில் பள்ளம் தெரிந்தால் சுவர் மெலிந்திருக்கிறது. உள்ளே டயரின் காற்றழுத்தம் அந்த மெல்லிய சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பழைய வண்டி வாங்குகிறவர், காலிப்பரில் பொறித்திருக்கும் வரிசையின் பெயரைப் படிப்பதற்கு முன் இந்த அளவுகோலைக் கையில் எடுக்கலாம்.